கண் திரும்பும் சத்தம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜின் பிடித்திருக்கவில்லை. கல்முனைப் பக்கம் இன்றைக்கும் இரண்டொரு பேர் என்னைக் கண்டால் தங்கள் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொள்கிறார்கள். இழுக்கட்டும். நான் எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். எனக்கு இருந்தது காதுக்குள் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஏன் அத்தனை நாள் போனது என்பதுதான் கதை. அதில் என் பிழையும் உண்டு, என் கணவரின் பிழையும் உண்டு.

மகள் பிறந்தபோது தொடங்கியது. கடைசி முக்கலில் வலது காதுக்குள் ஏதோ 'டப்' என்றது. பிள்ளை வந்த சந்தோஷத்தில் அதை யார் கவனித்தார்கள்? வீட்டுக்கு வந்து ஒரு பகல், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாகக் கிடந்தது. கதவடியில் இருந்து ஜன்னலுக்குப் பார்வையைத் திருப்பினேன். சீமெந்துத் தரையைத் தும்புத்தடியால் கூட்டியது போல ஒரு சத்தம். திரும்பக் கதவைப் பார்த்தேன். திரும்பவும் அதே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே உருட்டிப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. யா அல்லாஹ், என் கண் திரும்புவது எனக்குக் கேட்கிறது!

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நடந்தால் குதிக்கால் தரையில் படுவது தலைக்குள் இடித்தது. பப்படம் கடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கதைப்பது கேட்காது. குர்ஆன் ஓத உட்கார்ந்தால் வரிக்கு வரி கண் உராய்ந்தது. இதெல்லாம் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இரண்டு.

ஒன்று பாங்கு. எங்கள் வீட்டு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் பள்ளிவாசல். ஒலிபெருக்கியின் ஒரு குழாய் சரியாக எங்கள் கூரையைப் பார்த்தபடி நிற்கும். பிறந்த நாளில் இருந்து கேட்டு வளர்ந்த சத்தம். ஒரு நடுப்பகல், லுஹர் நேரம் பாங்கு உயர்ந்தபோது சுவர் சாய்ந்தது. சுவர் சாயவில்லை, எனக்குச் சாய்ந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தேன். பாங்கு முடிய, சுவர் தன் பாட்டில் நேராக நின்றது. பின்னேரம் அஸருக்கும் அதே கதை.

மற்றது என் மகளின் அழுகை. தோளில் போட்டிருந்தேன், அவளுடைய வாய் என் வலது காதடியில். பசியில் வீறிட்டு அழுதாள். அறை ஒரு பக்கம் கவிழ்ந்தது. முழங்கால் மடிந்து, பிள்ளை கையில் இருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தாள். மெத்தை இருந்ததால் பிழைத்தோம், அல்ஹம்துலில்லாஹ். அன்றிலிருந்து அவள் அழத் தொடங்கினால் நான் அவளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன். சிரித்தால் தூக்குவேன், அழுதால் வைப்பேன். பெற்ற பிள்ளையை அப்படி வளர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த வேதனை.

அழும் பிள்ளையைத் தூக்க ஓடி வருவது என் ராத்தாதான், கூடப்பிறந்த மூத்தவள். ஒரே வளவில் எனக்கு ஒரு வீடு, அவளுக்கு ஒரு வீடு. அவள் வாய் சும்மா இருக்காது.

"பெத்த புள்ள அழக்குள்ள கீழ வெச்சிட்டு ஓடுறவள நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள் முதல் நாள். சில நாட்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் பொழுதுபட்டு, மஃரிப் நேரம், பாங்கு கேட்டு நான் சரிந்ததைக் கண்டதும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பாங்கு கேட்டா ஓடுறது ஆரு? ஷைத்தான்தானே?" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தாள். நல்ல மனிதர். கிளாசில் தண்ணீர் ஓதித் தந்தார், தலையில் கையைக்கூட வைக்கவில்லை. கடைசியில், "பாங்கச் சொல்லிப் பாப்பம்" என்று குனிந்து என் வலது காதடியில் வாயை வைத்து முழுக் குரலில் தொடங்கினார். நான் கதிரையோடு கவிழ்ந்தேன். ஓதிய தண்ணீர் பாயெல்லாம் கொட்டியது. ராத்தா போட்ட கூச்சலில் வளவுக்கு வெளியே ஆள் கூடிவிட்டது. வகுப்பில் பரிசோதனை பிழைத்தால், திரும்பச் செய்து பார் பிள்ளை என்பேன். இங்கே பரிசோதனை அச்சொட்டாக வந்துவிட்டது, அதுதான் கஷ்டம். அன்று மாலைக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை போய்விட்டது.

என் கணவர் நெல் வியாபாரி. அம்பாறைச் சிங்கள முதலாளிகளோடு நாளெல்லாம் கதைத்துக் கதைத்து, அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டவர், ராத்தாவைப் பார்த்து, "மதினி, இனி ஓதலும் வேணாம் ஒண்டும் வேணாம். டொக்டர்ட்டப் போவம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றைக்கும் மன்னிப்பேன்.

ஏனென்றால் மன்னிக்க வேண்டியது பிறகு வந்தது. கிளினிக்கில் எங்களவர்கள் எப்படி என்று தெரியும்தானே. மனைவிக்கு வருத்தம், அந்த நோயைக் கணவர் கதைப்பார். டொக்டர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் அதுதான் வழக்கம். எனக்கு முன்னால் போன ஒரு மனிதர், மனைவியின் வயிற்றுவலியைத் தன் சட்டையை உயர்த்தித் தன் வயிற்றில் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அவளைப் போலவே உட்கார்ந்தேன்.

மூன்று டொக்டர்மார், மூன்று பேரும் சிங்களம். கண் சத்தம், பாங்கு, பிள்ளையின் அழுகை எல்லாம் என் கணவருக்குத் தெரியும், நான் அவருக்கு ஒன்றும் ஒளிக்கவில்லை. டொக்டர் கேட்பார், இவர் நீளமாக ஏதோ சொல்வார், டொக்டர் தலையை ஆட்டி எழுதுவார். எனக்குச் சிங்களம் பஸ்ஸில் இறங்குகிற அளவுக்குத்தான். என் இங்கிலிஷும் பாடப் புத்தகத்தைத் தாண்டாது. தாண்டியிருந்தாலும், கணவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து கதைக்க எனக்கு வாய் வராது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள்தான் நான். அந்தக் கதிரையில் ஊமை. தலைச்சுற்றுக்குக் குளிசை தந்தார்கள், காதுக்குத் துளி மருந்து தந்தார்கள், கடைசியில் மனதுக்கும் ஒரு குளிசை தந்தார்கள். அந்தக் குளிசையைப் போட்டு நான் நன்றாகத் தூங்கினேன். விழித்தால் கண் அப்படியேதான் உராய்ந்தது.

மகளுக்கு ஒன்றரை வயதானது. ஓடுவாள், கதைப்பாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குசினிக்கும் கிணற்றடிக்கும் அலைவாள். இன்னும் நான் அவளை அழும்போது தூக்கியதில்லை.

காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியில் திகதி தந்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து நாவிதன்வெளியில் எங்களுக்கு இருந்த வயலில் வெள்ளாமை வெட்டு. வெட்டு மெசின் எங்கள் முறைக்கு வருவதே அந்த ஒரு நாள். விட்டால் மழைக்கு முன் கிடைக்காது. "நீ போய் அந்த டெஸ்டச் செஞ்சிட்டு வா, அதுல கதைக்க ஒண்டும் இரிக்காது" என்று சொல்லிவிட்டு அவர் விடியவே போய்விட்டார். மகளை ராத்தாவிடம் விட்டுவிட்டு நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

பரிசோதிக்கிறவள் இளம் பெண், தம்பிலுவில் ஊர்த் தமிழ்ப் பிள்ளை. நெற்றியில் சின்னப் பொட்டு. சத்தம் புகாத சின்ன அறைக்குள் இருத்தி, காதிலும் காதுக்குப் பின்னால் எலும்பிலும் ஏதேதோ மாட்டி, கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னாள். முடிந்து வெளியே வந்ததும் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"டீச்சருக்கு என்ன செய்யுது?"

பழக்கத்தில் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். வெறும் கதிரை.

"தலை கிறுகும்" என்றேன்.

"எப்ப கிறுகும்?"

"சத்தம் கேட்டா."

"வேற?"

"வேறயும் இரிக்கி. சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சா எனக்கு ஏசுங்க."

சொன்னேன். "கண்ணத் திருப்பினா எனக்குச் சத்தம் கேக்குது."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். முடிந்தது, என்னை எங்கே அனுப்பப் போகிறாளோ என்று நெஞ்சு அடித்தது. அந்த அடியும் காதுக்குள்தான் கேட்டது. அவள் கேட்டாள்: "எந்தக் காதுல?"

அட, எந்தக் காதில் என்று ஒருவர் கேட்கிறார்! அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வலது காது என்றேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. பிரசவத்தில் கேட்ட 'டப்', பப்படம், பாங்கு, ஜின், கட்டிலில் விழுந்த பிள்ளை எல்லாவற்றையும் கொட்டினேன். ஜின் கதைக்கு மட்டும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அதைச் சிரிப்பில் சேர்க்கவில்லை நான்.

அவள் என் கிளினிக் கொப்பியைப் புரட்டினாள். "இதுல ஒண்டுமே இல்லையே, டீச்சர். காதிரைச்சல், தலைச்சுத்து, பிள்ளை கிடைச்ச பிறகு மனக்கவலை. இவ்வளவுதான் எழுதிக் கிடக்கு."

மூன்று டொக்டர்மார் எழுதியதிலும் அவ்வளவுதான். மூன்று பேரிடமும் கதைத்தது என் கணவர்.

அவள் எழுந்து மேசை லாச்சியில் இருந்து இரண்டு கால் உள்ள ஒரு இரும்பு இசைக்கவரை எடுத்தாள். எங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியிலும் அது இருக்கிறது, தட்டினால் ஒரே சுரத்தில் பாடும். என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னாள். கவரைத் தன் முழங்கையில் தட்டி, அதன் அடியை என் கணுக்கால் எலும்பில் வைத்தாள்.

"எங்க கேக்குது?"

கணுக்காலில் வைத்தது வலது காதுக்குள் மணி போல அடித்தது. தலையைத் தொட்டுக் காட்டினேன். அவள் கவரை எடுத்துவிட்டுத் திரும்பத் தட்டி வைத்தாள். திரும்பவும் மணி. அவள் முகம் மலர்ந்துவிட்டது, பரீட்சையில் வினாத்தாளைப் புரட்டித் தெரிந்த கேள்வியைக் கண்ட பிள்ளையைப் போல.

"இத நான் படிச்சிருக்கன். ஆளக் காணுறது இதுதான் முதல் தரம்" என்றாள். தாளில் வளையங்கள் மூன்றைக் கீறப் பார்த்தாள். காதுக்குள் நம் நிலையைக் காக்கிற அரைவட்டக் கால்வாய்கள். நான் பேனையைப் பறித்து நானே கீறினேன். எத்தனை வருஷம் கரும்பலகையில் கீறிய படம்! "மேல இருக்கிற வளையம் தெரியுதா, டீச்சர்? அதுக்கு மேல எலும்பு மூடி இருக்க வேணும். சில பேருக்கு அந்த இடத்துல எலும்பு தேஞ்சு ஓட்டை விழும். அப்ப சத்தம் உள்ள இருக்கிற தண்ணியத் தள்ளும், ஆள் சாயும். உடம்புக்குள்ள இருக்கிற சத்தமெல்லாம் அந்த ஓட்டையால காதுக்கு வரும்." எங்கள் பாடப் புத்தகத்தில் ஓட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நான் டொக்டர் இல்ல, இதுதான் எண்டு சொல்ல எனக்கு ஏலாது" என்றாள். "ஆனா நீங்க சொன்னத நான் அப்படியே எழுதி அனுப்புறன். ஒரு சொல் மாத்தமாட்டன்." என் முன்னாலேயே எழுதி, வாசித்தும் காட்டினாள்.

மாலையில் கணவர் வந்தார். சேர்ட்டெல்லாம் வைக்கோல் தூசு. கை கால் கழுவக்கூட விடவில்லை.

"நீங்க டொக்டர்மாருக்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"என்ன புள்ள, என்னத்தக் கேக்கிறா?"

"கண் சத்தத்தச் சொன்னீங்களா? பாங்கு கேட்டா உழுறத்தச் சொன்னீங்களா?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிச் சொல்ற? பாங்குக்கு உழுறா, கண் சத்தம் போடுதாம் எண்டு நான் போய்ச் சொன்னா, அவங்க என்னத்த எழுதுவாங்க? பைத்தியம் எண்டு எழுதுவாங்க. ஊரும் ஜின் எண்டு சொல்லுது. அவங்க எழுதித் தாற அந்தத் துண்டு நாளைக்கு நம்மட மகள்ட கலியாணத்துல வந்து நிக்கும் புள்ள. அதான், கேக்கிற மாதிரி இரிக்கிறத மட்டும் சொன்னன்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த அகப்பையை முற்றத்தில் எறிந்தேன். "என்ட வருத்தத்த உங்களுக்கு ஏத்த மாதிரி வெட்டித் தைச்சிக் குடுத்திரிக்கீங்க! ஒன்றரை வருஷம்! ஒன்றரை வருஷமா என்ட புள்ள அழுது, நான் தூக்கல்ல!" எனக்குள் என் குரலே இடியாக விழுந்தது. தலை கிறுகியது, அதற்கும் சேர்த்துக் கத்தினேன். ராத்தா அந்தப் பக்கம் வாசலில் நின்று பார்த்தாள்.

"உன்னக் காப்பாத்துறன் எண்டுதான் நெனச்சன்" என்றார். அவர் அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால், பாடசாலையில் அதிபரிடம் ஒற்றைத் தலைவலி என்று சொல்லி லீவு எழுதியதும் நான்தானே. டொக்டருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு மூன்று தரம் இருந்ததும் நான்தானே. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் வழக்கம் போல அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு. நான் ஒண்டும் விடாமச் சொல்றன்" என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் சொன்னார். கண் சத்தம் வந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் சொன்னார். பாங்கையும் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தார். தம்பிலுவில் பிள்ளையின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஸ்கேனுக்கு எழுதினார், காது எலும்பை மெல்லிய மெல்லிய துண்டாகப் படம் எடுக்கிற ஸ்கேன்.

ஓட்டை இருந்தது. ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. படத்தில் டொக்டர் பேனை நுனியால் தொட்டுக் காட்டியபோது எனக்கு வந்தது சந்தோஷம். ஓட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சத்திரசிகிச்சை கொழும்பில். செய்கிறவர் ஒளிக்காமல் சொன்னார்: இது அடிக்கடி செய்கிற வேலை இல்லை. காதுக்குப் பின்னால் திறந்து அந்தக் கால்வாயை எலும்புத் தூளால் அடைக்க வேண்டும். அந்தக் காதின் கேட்கும் சக்தி போகவும் கூடும். எல்லாவற்றையும் கணவர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது, புள்ள அழுதா தூக்கலாமா என்று கேளுங்கள் என்றேன். டொக்டர் கேட்டுவிட்டு, அதற்காகத்தானே செய்யப் போகிறோம் என்று சொன்னாராம்.

செய்தார்கள். முதல் இரண்டு வாரம் படகில் நிற்பது போலத்தான், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். வலது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, இப்போதும் அப்படித்தான். ஆனால் ஒரு காலை கண்ணை விழித்து, கூரையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கதவைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் கணவர் குறட்டை விடுவது மட்டும் கேட்டது.

லுஹர் பாங்குக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்தாவும் தன் வாசலில் வந்து நின்றாள். பாங்கு உயர்ந்தது, நீண்டது, முடிந்தது. நிலை நின்ற இடத்தில் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்திய ராத்தா, அதே மூச்சில், "பாத்தியா, ஜின் போயிட்டு!" என்றாள். இவளோடு எவள் வாதாடுவது? ஓம் ராத்தா, போயிட்டு என்றேன்.

வீடு பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நான் கொழும்பில் இருந்து வந்து ஒரு மாதமாகிறது, மகள் அழுது நான் கேட்கவே இல்லை. ராத்தாவிடம் கேட்டேன், "இவ அழுறதே இல்லையா?"

"அழாமயா? இஞ்ச ஓடி வந்து அழுவா. அழுது முடிச்சி, மொகத்தத் தொடச்சிக்கிட்டு உன்னட்ட வருவா."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை தானாகவே பழகிக்கொண்டிருக்கிறாள். ராத்தா அதைப் பெருமையாகச் சொன்னாள், எனக்கு நெஞ்சு வெடித்தது.

அடுத்த நாள் பின்னேரம் வளவில் ஓடியவள் தடுக்கி விழுந்தாள். கொங்கிரீட்டில் முழங்கால் உரசி இரத்தம் வந்தது. எழும்பினாள். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிறைய, வாயைப் பொத்தியபடியே ராத்தா வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

நான் ஓடிப்போய் முன்னால் முழங்காலில் நின்றேன். அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அழுங்க மகள். உம்மாக்கிட்ட அழுங்க."

தலையை ஆட்டினாள். "உம்மா உழுந்துருவீங்க."

"உழமாட்டன் மகள். பாருங்க."

தூக்கினேன். எழுந்து நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதலில் சின்னதாக ஒரு சத்தம் போட்டாள். நான் நின்றேன். இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நின்றேன். அதற்குப் பிறகு முகத்தை என் கழுத்தில் புதைத்து, வலது காதடியில் வாயை வைத்து, இவ்வளவு நாள் எனக்காக அடக்கியதையெல்லாம் சேர்த்து வீறிட்டு அழுதாள். மதில் நின்றது, மாமரம் நின்றது, நானும் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்தப் பார்த்தாள்.

"இன்னும் அழுங்க" என்றேன்.